உங்கள் வீட்டுப் பாட்டு எது? – ‘நேயர் விருப்பம்’ வந்த கதை



நம் ஆண்டு விழாவுக்கு இன்னிசைக் கச்சேரி ஏற்பாடாகியிருப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பாட்டு எழுதித் தாருங்கள் என்று சங்கம் கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. “நல்ல யோசனை” என்று சிலர். “ஆர்கெஸ்ட்ராக்காரங்களுக்குத் தெரியாததா? அவங்க பாடுறதைக் கேட்டுட்டுப் போவோம்” என்று பலர்.

பலர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கச்சேரி மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். அறிவிப்பையும் சேர்த்து ஒரு பாட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் 30 பாட்டு. நம்மிடம் 96 வீடு, வீட்டுக்கு இரண்டு என்றால் 192 சீட்டு. இருப்பு 30, கேட்பு 192. பேங்க் கவுண்டரில் இந்த நிலை வந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்தச் சிக்கல் நமக்குத்தான் முதன்முதலாக வந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு விழாவில் எந்தப் பாட்டு என்பதை யார் சொல்வது என்ற கேள்வி நம் நாஞ்சில் நாட்டிலேயே பல தலைமுறையாக இருந்துவருகிறது. காலத்துக்குக் காலம் அதற்கு வேறு வேறு விடை கண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொன்னால், படிவத்தை நிரப்பலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நாளும் நேரமும் தீர்மானித்த பாட்டு

முதலில் யாரிடமும் கேட்கவே கேட்காத இடங்களைப் பார்ப்போம்.

கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவரிடம் போய் “எனக்கு இந்த ராகம் வேண்டும்” என்று சொல்ல முடியாது. விடியற்காலை பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நேரமும் சடங்கும் ராகத்தைத் தீர்மானித்துவிடும். அங்கே கேட்பவர் சுவாமி ஒருவரே. மற்றவர்கள் பக்கத்தில் நின்று காதில் விழுவதை அனுபவிக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு நம் மாவட்டத்தோடு சேர்ந்த பெரிய உதாரணம் நவராத்திரி. திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதனால் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இன்றும் ஒவ்வொரு ஆண்டும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள்தான் நாளுக்கு ஒன்றாக முக்கிய இடம் பெறும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று போய் ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். எவ்வளவு பெரிய வித்வான் வந்தாலும் இந்த வரிசை மாறாது. சபையில் கைதட்டலும் கிடையாது. பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளவே வழியில்லாத இடத்தில் ‘இந்தப் பாட்டு வேண்டும்’ என்று எப்படிக் கேட்பது?

அந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமும் இல்லாமல் இருந்தது. 2006இல்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடி அந்த வழக்கத்தை மாற்றினார். பாறசாலை நம் களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற ஊர். என்ன பாடுவது என்பது அப்போதும் மாறவில்லை, யார் பாடுவது என்பது மாறியது.

மற்றச் சமயத்தாரிடமும் இப்படி வரையறுத்த பாடல்கள் உண்டு. தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுவதும் பாடுகிறார்கள். தேவாலயங்களில் அன்றைய பாட்டுகளின் எண்களைப் பலகையில் போட்டுவிடுவார்கள். சபை புத்தகத்தைப் புரட்டிப் பாடும். ஆனால் சபையார் வீட்டுத் திருமணம் என்றால் கொஞ்சம் இடம் உண்டு. மணமக்கள் வீட்டார் போதகரோடு பேசி, தங்களுக்குப் பிடித்த பாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஆராதனை முறையோடு சிறு புத்தகமாக அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுப்பார்கள். விழாவுக்கு முன்பே உட்கார்ந்து பாட்டுப் பட்டியல் போடும் பழக்கம் இந்த வகையில் நம் ஊருக்குப் புதிதே இல்லை.

தலைக்கட்டு வரி கொடுத்தவர் கேட்ட கதை

அடுத்தது கொடை. நம்மில் பாதிப் பேருக்காவது சொந்த ஊரில் ஒரு முத்தாரம்மனோ, சுடலைமாடனோ, இசக்கியம்மனோ இருக்கும். கொடைக்கு வில்லுப்பாட்டு ஏற்பாடு செய்வது எப்படி என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அண்ணாவியைப் போய்ப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். அப்போதே பேச்சு முடிந்துவிடும். எந்தெந்தச் சாமிக்கு எந்தெந்தக் கதை, குடியழைப்பு இரவில் எது, மறுநாள் மதியக் கொடைக்கு எது, நடுச்சாமக் கொடைக்கு எது என்று எல்லாம் சொல்லிவிட வேண்டும்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. அம்மனின் கதை சரியான கட்டத்துக்கு வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். கதையை இழுத்துவிட்டாலும், அவசரமாக முடித்துவிட்டாலும் பூஜை நேரம் தப்பும். ஆகவே ஊர்க்காரர்களின் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வதும், அதைக் கொடையின் நேரத்துக்குள் பொருத்துவதும் அண்ணாவியின் தொழில் திறமையில் அடங்கும். இன்றைய ஈவென்ட் மேனேஜர்கள் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் வேலையை வில்லும் உடுக்கையும் குடமும் வைத்துக்கொண்டு அவர்கள் அன்றே செய்திருக்கிறார்கள்.

சரி, ஊர் சார்பில் பேசியவர் யார்? ஊர் முதலடியும் நாலு பெரியவர்களும். செலவுக்குப் பணம் தலைக்கட்டு வரியாக எல்லா வீட்டிலிருந்தும் வரும். நாம் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி எல்லோருக்கும் உண்டு. கதை கேட்கும் உரிமை நாலு பேருக்கு. விதிவிலக்காக நடுவில் ஒருவர் எழுந்து ஒரு ரூபாய் நோட்டை நீட்டினால், அண்ணாவி பாட்டை நிறுத்தி, “இன்னார் அவர்கள் அன்பளிப்பு” என்று பெயர் சொல்லி, அவர் கேட்டதைப் பாடுவார். நையாண்டி மேளத்திலும் இதே கதைதான். நோட்டைச் சட்டையில் குத்திவிட்டால் கேட்ட சினிமாப் பாட்டு நாதஸ்வரத்தில் வந்துவிடும். பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்பார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆனால் கதையின் வகை மாறியது உண்டு. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957), சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். சாமி கதைக்கென்று இருந்த வில்லில் இன்ன கதைதான் வரவேண்டும் என்ற கட்டு அதோடு தளர்ந்தது.

ஒன்ஸ்மோரும் துண்டுச் சீட்டும்

கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள் வாய்திறந்து கேட்டது நாடகக் கொட்டகையில். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) பாடினால் ‘ஒன்ஸ்மோர்’ சத்தம் அடங்காது என்று நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர் பிறந்த செங்கோட்டையும் நம்மைப் போலவே திருவிதாங்கூரில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர்தான். கொட்டகையில் டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் சமம். தரை டிக்கெட்காரர் கத்தினாலும் பாட்டு மறுபடி வரும். ஆனால் ஒரு குறை உண்டு. ஏற்கனவே பாடியதைத்தான் திரும்பக் கேட்க முடியும். அதோடு, உரக்கக் கத்துகிறவர் விருப்பம்தான் மேடைக்கு எட்டும்.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் இது கொஞ்சம் நாகரிகமாக நடந்தது. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் (1890–1967) பழக்கத்தில் கொண்டுவந்த கச்சேரி முறையைத்தான் பெரும்பாலோர் இன்றும் பின்பற்றுகிறார்கள். முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒரு பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா. அந்தத் துக்கடாப் பகுதியில்தான் துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போகும். முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு, பின்னாலிருந்து கை மாறி மாறி ஒரு சீட்டு. பாடகர் பிரித்துப் பார்த்து, சிரித்து, ஒன்றைப் பாடுவார், மற்றதை மடித்துத் தம்பூராவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். கச்சேரியின் முதல் பகுதி வித்வானுக்கு, கடைசிப் பகுதி ரசிகருக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும். வித்வான் தன் வித்தையைக் காட்டவும் இடம் இருக்கிறது, கேட்க வந்தவர் வெறுங்கையோடு போகாமலும் இருக்கலாம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றால் தோடி வாசிக்காமல் அனுப்ப மாட்டோம் என்று ஜனங்கள் காத்திருந்ததும் இந்த உரிமையில்தான்.

சீட்டில் எழுதிக் கேட்டது தனி ஆள்களின் ஆசை. ஒரு மொழி பேசும் மக்களே சேர்ந்து கேட்டதும் உண்டு. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக மட்டும் வருகிறது என்ற கேள்வி 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாட்டில் பெரிதாக எழுந்தது. 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கீதத்துக்கு மொழி முக்கியமா என்று அன்று கடுமையான வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். கேட்க வந்தவருக்குப் புரிகிற பாட்டு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. நம் குடியிருப்பில் தமிழோடு மலையாளப் பாட்டும் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கதை ஏன் சொன்னேன் என்று தெரியும்.

கொழும்பிலிருந்து வந்த நம் பெயர்

பாட்டுக் கேட்கும் உரிமையை உண்மையில் எல்லோருக்கும் பொதுவாக்கியது வானொலி. அதிலும் நமக்கு இலங்கை வானொலி.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். அன்று ஒலி வந்த வழியில் கொழும்பு நமக்குப் பக்கத்து ஊர். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் நம் அகில இந்திய வானொலியில், அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஒதுக்கப்பட்டது. மக்களுக்கு எது வேண்டும் என்று கேட்காமல், எது நல்லது என்று மேலிருந்து முடிவு செய்தார்கள். மக்கள் சண்டை போடவில்லை. ரேடியோவின் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள்.

அங்கே மயில்வாகனம், பின்னர் பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று நம் வீட்டு ஆட்களைப் போலப் பேசும் அறிவிப்பாளர்கள். நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து என்று நிகழ்ச்சிகள். டீக்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் கூட்டம். வீட்டில் ரேடியோ பெட்டி வைத்திருந்தவர்கள் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம் அது.

நேயர் விருப்பத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டு மூன்று நான்கு நிமிடம். அதற்கு முன்னால் வாசிக்கும் பெயர்ப் பட்டியல் சில நாள் பாட்டை விட நீளம். ஊர் பெயர், தெரு பெயர், அண்ணன் தம்பி அக்கா தங்கை பெயர், சித்தி மகன் பெயர் எல்லாம் வரும். அந்தப் பாட்டை அவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள். ஆனாலும் தபால்கார்டு எழுதிப் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தது எதற்காக? தங்கள் பெயரும் ஊரும் கடலைத் தாண்டி ஒலித்துத் திரும்பி வருவதைக் கேட்பதற்காகத்தான். ஊர்க் கூட்டத்தில் வாய்திறக்க முடியாத பெண்பிள்ளைகளும் தங்கள் பெயரில் எழுதிப் போட்டார்கள். அறிவிப்பாளர் அதை முதலடி பெயரை வாசிப்பது போலவே மரியாதையாக வாசித்தார். என் கணக்கில் இதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

நாம் மட்டும் இப்படி இல்லை. வடக்கே இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று ஒரு சிறிய ஊர், அபிரக வியாபாரத்துக்குப் பெயர் போனது. அங்கிருந்து இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்புக்கும், 1957இல் தொடங்கிய விவித் பாரதிக்கும் பாட்டுக் கேட்டு வந்த கடிதங்கள் ஏராளம். அப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று மற்ற ஊர்க்காரர்கள் சந்தேகப்படும் அளவுக்கு அதன் பெயர் ஒலித்தது. இங்கிலாந்தில் பிபிசி 1945இல் ‘ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஜெர்மனியில் இருந்த ராணுவ வீரர்களும் ஊரில் இருந்த குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் பாட்டுக் கேட்டு அனுப்புவார்கள். நம் விவித் பாரதியின் ‘ஜெய்மாலா’வும் ராணுவ வீரர்களுக்கானதுதான். எல்லையில் இருப்பவருக்கு ஒரு பாட்டு என்றால் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது போல.

இதில் நமக்கு வேண்டிய தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வானொலிக்கும் நேரம் அரை மணியோ ஒரு மணியோதான், கடிதங்களோ மூட்டை மூட்டையாக. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? ஒரே பாட்டைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். பாட்டு ஒன்று, பெயர் இருபது. ஒரு வவுச்சரில் இருபது கணக்குக்கு வரவு வைப்பது போல. 192 சீட்டும் 30 பாட்டும் என்ற நம் கணக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளிலிருந்து வரும் சீட்டுகளில் ஒரே பாட்டு பல தடவை வரும் என்பதற்கு நான் ஜாமீன்.

பின்னர் வானொலி இன்னும் பக்கத்தில் வந்தது. 1963இல் திருநெல்வேலி நிலையம். 1984இல் நாகர்கோவில் நிலையம். நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை நம் ஊருக்கு உண்டு என்பது இங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மைக் செட்டும் கேசட் கடையும்

கல்யாண வீட்டில் பாட்டுத் தேர்வு நடந்தது மைக் செட்காரரிடம். புளியமரத்திலோ தென்னையிலோ குழாயைக் கட்டி, இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார். முதல் தட்டு பக்திப் பாட்டு. இந்து வீடு என்றால் சீர்காழி கோவிந்தராஜன், முஸ்லிம் வீடு என்றால் நாகூர் ஹனிபா. அதற்குப் பிறகு பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று “அண்ணே, அதைப் போடுங்க” என்று நச்சரிப்பார்கள். பெண் அழைப்பு நேரத்தில் பாசமலர் (1961) படத்தின் தோழிப் பாட்டும், மருமகள் வீட்டுக்கு வரும்போது சாரதா (1962) படத்தின் வரவேற்புப் பாட்டும் கேட்காத கல்யாணம் உண்டா?

அவருக்கு எழுதாத சட்டம் சில இருந்தன. கல்யாண வீட்டில் சோகப் பாட்டு வராது. மேளக்காரரிடம் முகாரி வேண்டாம் என்று சொல்லி வைப்பது போல இது. தெருவில் ஒரு துஷ்டி என்றால் குழாய் நின்றுவிடும். யாரும் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. எது வேண்டும் என்று கேட்பதைப் போலவே எது வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் அந்தத் தொழிலில் பாதி.

1980களில் கேசட் வந்தது. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, நாலு நாள் கழித்து வாங்குவோம். 60 நிமிட கேசட்டில் சுமாராகப் பன்னிரண்டு பாட்டு, 90 நிமிடத்தில் பதினெட்டு. கடைக்காரர் பட்டியலை ஓட்டிப் பார்த்து, “சார், இந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் மிச்சமாகுது, சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லுங்க” என்பார். நாமே உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதிய அந்தத் தாள்களில் ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கலாம். இன்று கை நீட்டினால் எல்லாப் பாட்டும் போனில் வருகிறது. ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிப் பாட்டு. ஆகவே ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்ட பாட்டை மற்றவரும் கேட்பது என்பது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் நடக்கிறது. அதில் ஒன்று நம் ஆண்டு விழா.

இப்போது நம் முறை

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான். மன்னர் தீர்மானித்தார், முதலடி தீர்மானித்தார், நோட்டு நீட்டியவர் தீர்மானித்தார், உரக்கக் கத்தியவர் தீர்மானித்தார், அதன் பிறகு தபால்கார்டு வாங்க முடிந்த எவரும் கேட்கலாம் என்று ஆனது. அவ்வளவு தூரம் இறங்கி வந்த உரிமையை நாம் வாட்ஸ்அப் குரூப்பில் வேகமாக டைப் செய்யும் பத்துப் பேரிடம் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. மெயின்டனன்ஸ் எல்லா வீடும் கட்டுகிறது.

போன விழாவில் எட்டரை மணிக்குப் பாதி நாற்காலி காலி. மேலே போனவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதுக்காரர்கள். “நமக்கு அங்கே என்ன வேலை” என்று லிப்டில் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் விழாவுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிந்துகொள்வார்கள். ராத்திரி ஒரு அவசரம் என்றால் கதவைத் தட்ட ஒரு பெயர் தெரியும். ஒரு பாட்டில் இவ்வளவு இருக்கிறதா என்றால், இருக்கிறது.

ஆகவே விழாக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்து, அவர்களும் ஒப்புக்கொண்ட நடைமுறை இது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பாட்டு. குரூப்பில் முதலில் போட்டவருக்கு முன்னுரிமை கிடையாது. கடைசித் தேதிக்குப் பிறகுதான் பட்டியல் பிரிக்கப்படும்.

ஒரே பாட்டைக் கேட்டவர்கள் சேர்க்கப்படுவார்கள். பாட்டுக்கு முன்னால் கேட்ட எல்லா வீட்டுப் பெயரும் வாசிக்கப்படும்.

எந்தப் பாட்டும் இடம் பெறாத வீடு ஒன்றும் இருக்கக் கூடாது என்று பார்ப்போம். மேடையில் பாட நேரம் போதாதவற்றை விழா தொடங்குவதற்கு முன் ஹாலில் ஒலிப்பதிவாகப் போட்டு, அப்போதும் பெயர் சொல்லிவிடுவோம்.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், தோட்ட வேலை செய்பவர்களுக்கும் தலா ஒரு பாட்டு உண்டு.

‘வேண்டாம்’ என்று ஒரு கட்டமும் படிவத்தில் இருக்கும். ஒரு வீட்டில் துஷ்டி நடந்து ஆண்டு திரும்பாமல் இருக்கலாம், ஒரு பாட்டு ஒருவரை நினைவுபடுத்தலாம். காரணம் எழுத வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தைக் குழுவில் இருவர் மட்டும் பார்ப்போம்.

முதல் நாலு பாட்டும் கடைசி இரண்டும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் சொந்தத் தேர்வு. அரியக்குடி முறைதான். அவர்களுக்கும் தங்கள் திறமையைக் காட்ட இடம் வேண்டும் அல்லவா?

சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், குடியிருப்போர் பொதுவாகப் பயன்படுத்தும் மூடிய அறையிலோ கூடத்திலோ அவர்களுக்கான வசதியாக ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பதற்கு விலக்கு இருக்கிறது. நம்மைப் போன்றவர்களை நினைத்தே எழுதியது போல இருக்கும். அது ஒலிப்பதிவுக்குச் சொன்னது. சம்பளம் கொடுத்து அழைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு உரிமம் தேவையா என்பதைக் குழு அவர்களிடமே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு அந்த விதிகள் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆகவே ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் கவலைப்பட வேண்டாம்.

படிவம் குரூப்பில் இருக்கிறது. செல்போனில் நிரப்பச் சிரமம் என்றால் ஏ பிளாக் செக்யூரிட்டி மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டு எண், பாட்டு, படம் தெரிந்தால் படம், யாருக்காக என்று நாலு பத்தி போட்டுக் கோடு கிழித்தாகிவிட்டது. பாட்டின் முதல் வரி நினைவில்லை, நடுவில் ஒரு வரிதான் தெரியும் என்றால் அதையே எழுதுங்கள், கண்டுபிடித்துக்கொள்ளலாம். எழுத முடியாதவர்கள் இன்டர்காமில் கூப்பிட்டால் நானே மேலே வந்து எழுதிக்கொள்கிறேன். மாலை நாலு மணிக்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை.